நடுவில் நிற்கும் முள்

நுஸ்ரத் மாமா தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்காகத் தெஹ்ரானை அடுத்த கரஜிலிருந்து கடற்கரைக்குப் புறப்பட்டது ஒரு வியாழக்கிழமை. கோடையில் சேர்ந்தாற்போல் சில நாள் விடுமுறை வந்த வாரம் அது. தெஹ்ரானில் பாதிப் பேர் அன்று காலையே சாலூஸ் மலைச்சாலையில் ஏறியிருந்தார்கள். மீதிப் பேர் முதல் நாளே ஏறி இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

காரில் ஐந்து பேர். ஓட்டுவது மாமா. பிறகு அவர் மனைவி மஹீன் அத்தை, மகள் நூஷி, அவர்கள் வீட்டில் தங்கியிருந்த நான். ஐந்தாவது ஆள்தான் முக்கியம். மாப்பிள்ளையின் அம்மா ஃபக்ரி அம்மாள், காலமான ஒரு நீதிபதியின் மனைவி. மாப்பிள்ளை பெஹ்ஸாத் பல் மருத்துவன். நவ்ஷஹரில் கடலோரம் இருக்கும் அவர்கள் வீட்டைத் திறந்து தயார் செய்ய முன்னாலேயே போய்விட்டான். அன்று மாலை அங்கே சொந்தக்காரர்கள் முன்னிலையில் மோதிரம் மாற்றுவதாக ஏற்பாடு.

முன் சீட்டில் யார் உட்காருவது என்ற பேச்சு வாசலிலேயே தொடங்கியது.

"நீங்க முன்னாடி ஏறுங்க சம்பந்தியம்மா," என்றார் அத்தை.

"ஐயோ, நானா? வீட்டுக்காரி நீங்க இருக்கீங்க. நான் பின்னாடி ஒரு மூலையில ஒடுங்கிக்கிறேன்."

"உங்களை மூலையில உக்கார வெச்சுட்டு நான் எந்த மூஞ்சியோட ஊர்ல நடமாடறது?"

"அப்படின்னா நான் நடந்தே வந்துடறேன்."

"நீங்க நடந்தா நாங்க பின்னாடி தவழ்ந்து வரணும்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஃபக்ரி அம்மாள் முன்னால் ஏறினார். அங்கேதான் உட்காரப் போகிறார் என்பது அவர் உட்பட எல்லோருக்கும் முதலிலேயே தெரியும். எதிர்வீட்டுப் பெண் வழக்கப்படி ஒரு கிண்ணம் தண்ணீரைக் காரின் பின்னால் வீசி ஊற்றினாள், போனவர்கள் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று. அன்று அந்தக் கார் சம்பந்தப்பட்ட தண்ணீரில் ஒழுங்கான இடத்தில் விழுந்தது அது ஒன்றுதான்.

மாமாவின் தொழிலைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மலைச்சாலை தொடங்கும் இடத்தில் அவருக்கு ஒரு கடை. கார்களின் டாஷ்போர்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் முட்களைச் சரிசெய்து கொடுப்பது வேலை. வேகம் காட்டும் முள், பெட்ரோல் காட்டும் முள், இன்ஜின் சூடு காட்டும் முள். ஊரில் எல்லோரும் அவரை 'உஸ்தா' என்பார்கள். கைத்தொழில்காரர் எவரையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. ஆனால் மாமா அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆரம்பத்தில் அவர் செய்த ஒரே தவறு, முள்ளை உண்மை சொல்ல வைத்தது. வெந்நீரில் சூடு அறியும் கருவியை முக்கி, பக்கத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டு, முள் காட்டுவதும் நிஜமும் ஒத்துவரும் வரை விடமாட்டார். அப்படிச் சரிசெய்த முள் நிலையாக நிற்காது. ஏற்றத்தில் ஏறும், இறக்கத்தில் இறங்கும், நெரிசலில் நின்றால் மெல்ல மேலே போகும், காற்று வாங்கினால் கீழே வரும். இன்ஜின் அப்படித்தான் வாழ்கிறது. கார்க்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை.

ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் மூன்றாம் நாளே திரும்பி வந்து கத்தினார். "உஸ்தா, நல்லா ஓடிட்டிருந்த காரை உங்ககிட்ட விட்டேன். நீங்க காய்ச்சல்காரனைத் திருப்பித் தந்திருக்கீங்க!"

"கார் முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியல."

"தெரியாம இருந்தப்போ நான் நல்லாத் தூங்கினேன்!"

அவர் போய் நான்கு பேரிடம் சொன்னார். நுஸ்ரத்திடம் விட்டால் கார் சூடாகிறது என்ற பேச்சு பரவியது. மாமா கடையில் ஈ ஓட்டினார். அப்போதுதான் மஹீன் அத்தை, அரிசி களைந்தபடியே வழி சொன்னார்.

"தெருவுல யாராவது 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டா நீங்க என்ன சொல்றீங்க?"

"நல்லா இருக்கேன், கடவுள் புண்ணியம்னு சொல்றேன்."

"உங்க சிறுநீரகக் கல்லைப் பத்திச் சொல்றதில்லையே? முள்ளும் அப்படியே சொல்லிட்டுப் போகட்டுமே."

மாமா யோசித்தார். புதிதாக வந்த ஒரு காரின் டாஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தார். பார்த்தவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பெரிய கம்பெனிகள் அத்தையின் யோசனையை எப்போதோ செய்துவிட்டிருந்தன. தண்ணீர் ஓரளவு சூடேறியதும் முள் நடுவில் வந்து நிற்கும். அதற்குமேல் இன்னும் முப்பது டிகிரி ஏறினாலும் நகராது. கொதிநிலையைத் தாண்டப் போகும்போதுதான் திடுக்கென்று சிவப்புக்குத் தாவும். அதாவது முள் அசைந்தால் அது செய்தி அல்ல, இரங்கல் செய்தி.

பிறகு மாமாவும் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கருவி செய்தார். எந்தப் பழைய காரிலும், தண்ணீர் சூடாக இருக்கும்வரை அது முள்ளை நடுவிலேயே பிடித்து வைக்கும். அதற்கு 'மனநிம்மதி' என்று பெயர் வைத்தார். கடைக்குக் கூட்டம் வந்தது. ஜவுளிக்கடைக்காரர் முதல் ஆளாக வந்து, மாட்டிக்கொண்டு, மாமாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். "இப்பதான் என் காரை நீங்க ரிப்பேர் பண்ணிருக்கீங்க உஸ்தா."

தன் சொந்தக் காரிலும் மாமா அதை மாட்டியிருந்தார். காரணம் அத்தை. முள் கொஞ்சம் ஏறினால் அவர் பிரார்த்தனை சொல்லத் தொடங்குவார். இறங்கினால் நன்றி சொல்வார். மலைச்சாலையில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு மாமாவுக்குத்தான் ரத்தம் கொதித்தது. முள் எதற்கு, எனக்குக் காது இருக்கிறது, மூக்கு இருக்கிறது என்று கருவியை மாட்டிவிட்டார்.

ஊரில் உபசாரப் பேச்சுக்குள் உண்மையைக் கண்டுபிடிக்க மாமாவிடம் ஒரு முறை இருந்தது. எங்கள் எல்லோரிடமும் இருப்பதுதான். முதல் தடவை கேட்டால் வருவது மரியாதை. இரண்டாம் தடவை வருவது வளர்ப்பு. மூன்றாம் தடவை வருவதுதான் பதில். எங்கள் கல்யாணத்தில் மணப்பெண்ணிடமே மூன்று முறை கேட்டால்தானே சம்மதம் சொல்கிறாள்.

பெஹ்ஸாத் விஷயத்தில் மட்டும் மாமா ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தார். "பையனைப் பிடிச்சிருக்காம்மா?" "நீங்க சொன்னா சரிப்பா." இன்னும் இரண்டு தடவை கேட்க அவருக்குத் துணிச்சல் இல்லை. நீதிபதி வீட்டுச் சம்பந்தம்.

புறப்படும் அன்று காலை, சமையலறையில் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே நூஷி என்னிடம் சொன்னாள்: "எனக்கு இது வேண்டாம்."

"வேண்டாம்னா சொல்லு."

"எப்போ? இப்போ சொன்னா காலைச் சாப்பாடு கெட்டுப்போகும். கார்ல சொன்னா அந்தம்மா பக்கத்துலயே இருக்காங்க. அங்க போய்ச் சொன்னா ஊரே உக்காந்திருக்கும்."

"மோதிரத்தைப் போட்டப்புறம் சொல்லப் போறியா?"

"உனக்குச் சுலபம். நீ ஊர் ஊராச் சுத்தினவ. யார்கிட்டயும் ஒரு வருஷம் சேர்ந்தாப்ல இருந்ததில்ல. நின்னு பதில் சொல்ல வேண்டாம்னா உண்மையைச் சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்."

நான் மீதி ரொட்டியைச் சுற்றினேன். மாலைக்குள் அவள் வாய் திறக்கவில்லை என்றால் பல் மருத்துவன் மனைவி. அவ்வளவுதான் கணக்கு.

மலைச்சாலையில் இருக்கும் அணைக்கட்டைத் தாண்டியதும் வண்டிகள் ஊரத் தொடங்கின. வெயில் கூரையைத் துளைத்தது. மாமா முள்ளைப் பார்த்தார். முள் நடுவில், வெள்ளிக்கிழமை விடுமுறையில் மதியம் சாப்பிட்டுப் படுத்த மனிதனைப் போல நிம்மதியாகக் கிடந்தது. அதை அப்படிக் கிடத்தியது தாமே என்பது மாமாவுக்கு மட்டும் தெரியும். காதைத் தீட்டிக் கேட்டார். முன்னும் பின்னும் ஐந்நூறு இன்ஜின் உறுமுகிறது, தன் இன்ஜின் எது என்றே தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினார். ஃபக்ரி அம்மாளின் ரோஜா அத்தர்தான் வந்தது.

ஆக மிஞ்சியது ஒரே வழி. மலை ஏறும் கிழட்டுக் கார்க்காரர்கள் எல்லோரும் செய்வது. குளிர்காலத்தில் போடும் ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டார். இன்ஜினின் சூட்டைக் கொஞ்சம் உறிஞ்சி அது எங்கள் மேல் ஊதியது.

பின்சீட்டில் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஃபக்ரி அம்மாள் பட்டுத் தலைத்துணியைத் தாடையில் இறுக்கி முடிந்திருந்தார். அதன் ஓரம் நனைய ஆரம்பித்தது.

"சம்பந்தியம்மா, சூடா இருக்கோ? நிறுத்திடட்டுமா?" என்றார் மாமா.

"இல்லையே! இதமா இருக்கு. எனக்கு முட்டிவலி, இந்த அனல் நல்லா ஒத்தடம் மாதிரி."

ஒரு வளைவு தாண்டியது. "சிரமமா இருந்தா சொல்லுங்க, தயங்காதீங்க."

"என்ன சிரமம்? உங்க பேச்சுலயே குளிர்ச்சி இருக்கு உஸ்தா."

மூன்றாவது தடவை மாமா தலையை முழுதாகத் திருப்பிக் கேட்டார். "சம்பந்தியம்மா, நிஜமாக் கேக்கறேன். உங்களுக்கு எல்லாம் சௌகரியம்தானே? மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க."

ஃபக்ரி அம்மாள் வாயைத் திறந்தார். மூடினார். அவர் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி தொங்கியது.

"எல்லாம் சௌகரியம்," என்றார்.

மூன்று முறை சொல்லிவிட்டார், ஆகவே உண்மை. மாமா திருப்தியாக ஹீட்டரின் விசிறியை இன்னும் ஒரு படி ஏற்றினார்.

"அம்மா, நான் வேகறேன்," என்று நூஷி முணுமுணுத்தாள்.

அத்தை அவள் தொடையில் கிள்ளினார். "வாயை மூடு. அவங்களே ஒண்ணும் சொல்லல."

"அவங்க சொல்லமாட்டாங்கம்மா. செத்தாக்கூட 'நல்ல இடத்துல செத்தேன்'னுதான் சொல்லுவாங்க."

கச்சார் என்ற மலையூரைத் தாண்டி, பெரிய சுரங்கப்பாதைக்கு ஏறும் கடைசி வளைவுகளில் அது நடந்தது. ஹீட்டரிலிருந்து திடீரென்று குளிர்ந்த காற்று வந்தது. நல்ல, சில்லென்ற மலைக்காற்று. ஃபக்ரி அம்மாள் கண்ணை மூடி அதில் முகத்தைக் காட்டினார். "ஆஹா, உங்க கார்ல எல்லாம் இருக்கு உஸ்தா!" அத்தை முன்னால் எட்டிப் பார்த்தார். முள் நடுவிலிருந்து கீழே, குளிர்ச்சிப் பக்கமாக, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. "கடவுளுக்கு நன்றி! பாருங்க, ஆறிடுச்சு!"

மாமாவின் பின்கழுத்து வெளுத்ததை நான் பார்த்தேன்.

ஹீட்டரில் வருவது இன்ஜின் தண்ணீரின் சூடு. அது குளிர்ந்தால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். எங்கோ ரப்பர் குழாய் கிழிந்து எல்லாம் ரோட்டில் போய்விட்டது. சூடு அறியும் கருவி காலி இடத்தில் நிற்கிறது. தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாததால் எல்லாம் குளிர்ந்துவிட்டதாகச் சொல்கிறது. இன்ஜினோ இரும்பு உருகும் சூட்டை நோக்கிப் போகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு, பின்னால் தெஹ்ரான் மொத்தமும். ஒதுங்க இடமில்லை.

"என்ன உஸ்தா, பேச்சைக் காணோம்?"

"ஒண்ணுமில்ல சம்பந்தியம்மா. நல்லபடியாப் போய்க்கிட்டிருக்கோம்."

சொல்லி முடிப்பதற்குள் உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் கேட்டது. ஒரு சோளக்கடை ஓரத்துக்கு எப்படியோ உருண்டு வந்து கார் நின்றது. நின்றதோடு சரி.

எங்கள் ஊரில் பானெட்டைத் திறந்தால் கூட்டம் கூடுவதற்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை. பைஜாமாவில் சுட்ட சோளம் கடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். பேரிக்காய்த் தோலை உரித்தபடி இன்னொருவர்.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டீங்களா?" என்று, தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் பாகத்தைப் பற்றிக் கேட்டார் சோளக்காரர்.

"கழட்டி எத்தனையோ வருஷமாச்சு."

"அதான் தப்பு. போடணும்."

"இவர் சொல்றதைக் கேக்காதீங்க," என்றார் பேரிக்காய்க்காரர். "போட்டிருந்தா கரஜிலேயே போயிருக்கும். முள் என்ன காட்டுச்சு?"

மாமா கந்தலை எடுத்துக் குழாயைத் துடைக்கத் தொடங்கினார். சோளக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "முள் நல்லாத்தானே இருக்கு! அப்போ கார்ல ஒண்ணுமில்ல. கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க, கிளம்பிடும்." திரும்பியவர் மாமாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க 'மனநிம்மதி' உஸ்தா இல்ல? என் கார்லயும் உங்களுதுதான். பத்து வருஷமா ஒரு தொல்லை இல்ல!"

அவருடைய கார் எங்கே என்று மாமா கேட்டார். அதோ, அந்த வளைவில் நிற்கிறது, புகை வருகிறது பாருங்கள், அதுதான் என்றார் அவர்.

இதற்குள் ஃபக்ரி அம்மாள் ஒரு கல்லின் மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். "எவ்வளவு அழகான இடத்துல நின்னிருக்கு, பாருங்க. பெஹ்ஸாத்துக்குப் போன் பண்றேன். வந்து கூட்டிட்டுப் போயிடுவான். ஏழு மணிக்குள்ள மோதிரம் மாத்திடலாம்."

அத்தை மகளைப் பார்த்தார். "ஏண்டி முகமெல்லாம் செவந்து கெடக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மாமா நிமிர்ந்தார். கையில் கரி, நெற்றியில் கரி. கந்தலைக் கீழே போட்டார்.

"நூஷி. நல்லா இருக்கியா?"

"இருக்கேன்ப்பா."

"இந்தக் கல்யாணத்துல உனக்குச் சந்தோஷம்தானா?"

"உங்களுக்குச் சந்தோஷம்னா எனக்கும்..." நிறுத்திவிட்டாள்.

சோளக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். அத்தை "என்னங்க, நடுரோட்டுல..." என்று ஆரம்பித்தார். மாமா கையைக் காட்டித் தடுத்தார்.

"மூணாவது தடவை கேக்கறேன். இன்னொரு தடவை கேக்கறதுக்கு எனக்குத் தைரியம் வராது. பெஹ்ஸாத் வேணுமா, வேண்டாமா?"

"வேண்டாம்ப்பா," என்றாள் நூஷி. பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு வேண்டாம்."

லாரி ஒன்று முனகிக்கொண்டு போனது. எல்லோரும் ஃபக்ரி அம்மாளைப் பார்த்தோம். அவர் கல்லிலிருந்து எழுந்து கைக்குட்டையை உதறி மடித்தார்.

"குழந்தைக்கு வெயில் ஒத்துக்கல," என்றார். பிறகு, "எது நடந்தாலும் நல்லதுக்குத்தான். உங்க அன்பு குறையாம இருக்கட்டும்."

முகத்தில் கோபம் தேடினேன். வருத்தம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. நூஷியிடம் வந்து நெற்றியில் முத்தமிட்டார். சற்று நீளமாகவே. வடக்கே போகும் ஒரு குடும்பம் அவரை ஏற்றிக்கொள்ள முன்வந்தது. அங்கேயும் முன்சீட்டுக்காக ஒரு சண்டை நடந்தது. நிச்சயத்துக்கு வாங்கிய இனிப்புப் பெட்டியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். வழியில் பசிக்கும் என்றார். அதைச் சோளக்காரர், பேரிக்காய்க்காரர் உட்பட எல்லோரும் சாப்பிட்டோம். நல்ல இனிப்பு.

அத்தை மாமாவிடம் பல வாரம் பேசவில்லை. பேசியபோதும் உப்பு கேட்க மட்டும் பேசினார். சொந்தக்காரர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்: நுஸ்ரத் ஒரு ரப்பர் குழாயை மாற்றாததால் நீதிபதி சம்பந்தத்தை இழந்தான். நூஷி தெஹ்ரானில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். நான் மறுபடியும் பெட்டி கட்டலாமா என்று யோசித்து, கட்டி, அவிழ்த்து, இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

மாமா திருந்தினாரா என்று கேட்டால், முயன்றார். தன் காரில் உண்மை சொல்லும் முள்ளை மாட்டினார். அத்தை அதன் மேல் ஒரு திராட்சைக்கொடிப் படம் போட்ட துணியைத் தொங்கவிட்டார். கடை வாசலில் மாமா புதிய பலகை எழுதி வைத்தார்: 'முள் இரண்டு விதம். விழித்திருப்பது, தூங்குவது. உங்கள் விருப்பம்.' வருகிறவர்கள் பலகையை நின்று படிக்கிறார்கள். விழித்திருப்பதன் நன்மைகளைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். எவ்வளவு சரியான பேச்சு உஸ்தா என்கிறார்கள். பிறகு தூங்குவதை மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

மாமாவும் அவர்களிடம் மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் மாட்டுகிறார்.

இரண்டு குளிர்காலம் போன பிறகு, ஒரு நாள் கடையில் அவர் போனுக்கு ஃபக்ரி அம்மாளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கண்ணாடி இல்லாததால் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பாதி உபசாரம். அதைத் தாண்டியதும் இப்படி இருந்தது:

"பெஹ்ஸாத் தனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று புறப்படுவதற்கு முந்தைய வாரமே என்னிடம் சொல்லியிருந்தான். அங்கே போனால் மனம் மாறும் என்று நான்தான் அவனை அனுப்பினேன். மலை ஏறும்போது நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். மூன்றாவது முறை சொல்லிவிட வாய் திறந்தேன். பின்சீட்டில் உங்கள் பெண் இருந்தாள், அவள் மனம் நோகும் என்று மூடிக்கொண்டேன். அவள் அன்று சொல்லியிராவிட்டால், மாற்றிக்கொள்ளச் சொல்லி மோதிரத்தை நானே அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்திருப்பேன். போன மாதம் அவன் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டான். நூஷிக்கு என் முத்தங்கள். ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு வந்து உங்களோடு தேநீர் குடிக்க ஆசை. இதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை."